மண்டலம் பிரிக்க மூன்று வழிகள்: நிலத்தடி நீர் மாதிரியில் எதை, எப்போது தேர்ந்தெடுப்பது?

ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலாகத் திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து குரோமியம்-6 கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. கரைந்த குரோமியம்-6 தண்ணீரை மஞ்சளாக்கும். ஆனால் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுதியற்றதாகிவிடும்; குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். இப்படிப்பட்ட குவியலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எங்கள் கிணற்றுக்கு இது எப்போது வரும்?

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நிலத்தடி நீர் மாதிரி கட்டுகிறோம். மாட்ஃப்ளோ என்ற மென்பொருள் நீரின் போக்கைக் கணக்கிடும். அது தரும் நீரோட்டத்தை வாங்கிக்கொண்டு எம்டி3டிஎம்எஸ் மாசின் போக்கைக் கணக்கிடும். எந்த மென்பொருளைத் திறந்தாலும், நிலத்தைச் சிறு சிறு செல்களாகப் பிரிக்கும் கட்டவலையைப் போட்ட கையோடு வந்து நிற்பது மண்டலம் பிரிக்கும் வேலை. புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் அதை வண்ணம் தீட்டுவதுபோல அரை நாளில் முடித்துவிட்டு, மீதி இரண்டு மாதத்தைக் காலிபரேஷனில், அதாவது மாதிரியின் விடை களத்தில் அளந்ததோடு ஒத்துவரும்வரை எண்களைத் திருத்துவதில், கழிக்கிறார்கள். பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்துவிட்டுச் சொல்கிறேன்: விடையின் பெரும்பகுதி அந்த அரை நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

மாதிரியில் ஒரு லட்சம் செல்கள் இருக்கலாம். ஒவ்வொரு செல்லுக்கும் நீர்க்கடத்துதிறன் என்ற எண், அதாவது அந்த இடத்து மண்ணோ பாறையோ நீரை எவ்வளவு எளிதாக விடும் என்பதன் அளவு, வேண்டும். கையில் இருப்பதோ, கிணற்றில் நீரை இறைத்து அந்த எண்ணைக் கண்டறியும் பம்பிங் சோதனைகள் பத்துப் பன்னிரண்டு. எனவே, இந்தச் செல்கள் எல்லாம் ஒரே குணமுள்ளவை, இவற்றுக்கு ஒரே எண் போதும் என்று கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிறோம். அந்தக் கூட்டம்தான் மண்டலம். இங்கே கோடு போடுவது நிலத்தைப் பற்றி வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் வேறு பொருள் என்று சொல்கிறோம். அதற்குச் சாட்சி நம்மிடம் இருக்க வேண்டும்.

பாலாற்றுப் பக்கத்து நிலத்தையே எடுத்துக்கொள்வோம். மேலே மண். அதன் கீழே சிதைந்த பாறை. போர் போடுகிறவர்கள் மொரம்பு என்பார்கள். அதற்குக் கீழே வெடிப்பு விழுந்த பாறை. பிறகு தண்ணீர் புகாத கெட்டிப் பாறை. ஆற்றை ஒட்டி மட்டும் மணலும் வண்டலும். ஆங்காங்கே பாறையைக் கிழித்துக்கொண்டு நிற்கும் டோலரைட் என்ற கரும்பாறைச் சுவர்கள் உண்டு. சில மீட்டர் அகலமே இருந்தாலும் அவை நிலத்தடியில் அணைபோல நீரைத் தடுக்கும். பாலாறு ஒரு காலத்தில் காவேரிப்பாக்கம் பக்கமாக வடகிழக்கே திரும்பிக் கொசத்தலை ஆற்றின் வழியில் ஓடியது என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப்பட்ட பழைய தடங்கள் மண்ணுக்கடியில் மணல் வாய்க்கால்களாகப் புதைந்து கிடக்கும். மொரம்பு, மணல், சுவர், புதைந்த வாய்க்கால் ஆகிய நான்கையும் மாதிரிக்குள் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: செல்லுக்குச் செல் எண் போடுவது

மிகப் பழைய வழி இது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1980-களில் மாட்ஃப்ளோவை வெளியிட்ட காலத்திலிருந்து, அடுக்குக்கு ஓர் எண் அட்டவணை, அதில் வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் எண் என்பதுதான் ஏற்பாடு. மாட்ஃப்ளோ-2000 பதிப்பு மண்டலத்துக்கென்றே தனிக் கோப்பை வைத்துக்கொண்டது. மாட்ஃப்ளோவைத் திரையில் வரைந்து இயக்க உதவும் விஷுவல் மாட்ஃப்ளோவின் பழைய பதிப்புகளில் சுட்டியால் செல்களைத் தேய்த்து நிறம் பூசினால் போதும். இப்போது மாட்ஃப்ளோவைப் பைத்தான் நிரல்மொழியிலிருந்து இயக்கும் ஃப்ளோபை பயன்படுத்துகிறவர்கள் ஒரு வரியில் அதையே செய்கிறார்கள்.

விரைவு என்று பார்த்தால் இதை அடிக்க ஆள் இல்லை. வகுப்பில் கற்றுக்கொடுக்க, ஒரு யோசனை பிடிபடுகிறதா என்று பத்து நிமிடத்தில் பார்க்க, செவ்வக நிலத்தில் இரண்டு மண்டலம் வைத்து ஒரு கணக்கைச் சரிபார்க்க இதுவே சிறந்தது. உண்மையான நிலத்துக்குப் போகும்போதுதான் தொல்லை.

புதைந்த வாய்க்காலைப் பாருங்கள். 50 மீட்டர் செல்கள், வாய்க்காலும் ஏறத்தாழ 50 மீட்டர் அகலம், ஓடுவது கட்டவலைக்குக் குறுக்காக, மூலைவாட்டில். அதன் மேல் ஒற்றைச் செல் வரிசையாக நிறம் பூசினால், செல்கள் ஒன்றையொன்று மூலையில் மட்டுமே தொடும். திரையில் பார்த்தால் தொடர்ச்சியான கோடு, அழகாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கமான மாட்ஃப்ளோ கட்டவலையில் நீர் செல்லின் பக்கங்கள் வழியாகத்தான் போகும். மூலை வழியாகப் போகாது. வாய்க்கால் செல்லிலிருந்து அடுத்த வாய்க்கால் செல்லுக்குப் போக, நடுவில் மொரம்புச் செல் ஒன்றைக் கடந்தாக வேண்டும். வாய்க்கால் மணலின் கடத்துதிறன் நாளுக்கு 60 மீட்டர், மொரம்புக்கு 2 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வாய்க்கால் உண்மையில் கடத்த வேண்டிய நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் மாதிரியில் கடத்தும். மாசு விரைந்து ஓடும் பாதையையே நாம் அடைத்துவிட்டோம். திரையோ எல்லாம் சரி என்று காட்டும்.

டோலரைட் சுவருக்கு இதே மூலைத் தொடர்பு சிக்கல் தராது. மூலையில் தொட்டு நிற்கும் செல்களே நீரைத் தடுத்துவிடும். அங்கே வேறொரு பிழை நுழைகிறது: அகலம். சுவரின் அகலம் 8 மீட்டர், செல்லின் அகலம் 50. சுவரின் கடத்துதிறன் நாளுக்கு 0.01 மீட்டர் என்று வைத்து அந்தச் செல் முழுவதற்கும் அதே எண்ணைப் போட்டால், 8 மீட்டர் சுவர் 50 மீட்டர் சுவராகிவிடும். தடையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உண்மையில் 8-ஐ 0.01-ஆல் வகுத்தால் 800, மீதி 42 மீட்டர் மொரம்பை 2-ஆல் வகுத்தால் 21, மொத்தம் 821. மாதிரியில் 50-ஐ 0.01-ஆல் வகுத்தால் 5,000. ஆறு மடங்கு பலமான சுவரைக் கட்டிவிட்டோம். அந்தச் செல்லுக்குப் பொருத்தமான எண் 0.06-க்குச் சற்று மேல். இதைவிட நல்ல வழி, சுவருக்கு மண்டலமே வைக்காமல் இரண்டு செல்களுக்கு நடுவிலுள்ள பக்கத்தில் தடையை வைப்பது. மாட்ஃப்ளோவில் அதற்கென்றே கிடைமட்டத் தடை என்ற தொகுப்பு 1990-களிலிருந்து இருக்கிறது. மெல்லிய எதையும் மண்டலமாக்காதீர்கள் என்று என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பின்னர் கட்டவலையை நுணுக்க வேண்டி வரும். கழிவுக் குவியலைச் சுற்றி 50 மீட்டர் போதாது, 10 மீட்டர் வேண்டும் என்று தெரியவரும்போது, பூசிய நிறம் தாய்ச் செல்லிலிருந்து பிள்ளைச் செல்களுக்கு அப்படியே இறங்கும். படிக்கட்டுபோல இருந்த எல்லை, சிறிய செல்களிலும் அதே பெரிய படிக்கட்டாகவே நிற்கும். நுணுக்கியதன் பயன் பாதி போய்விடும்.

இரண்டாம் வழி: வரைபடத்தில் பலகோணம்

இங்கே மண்டலத்துக்கும் கட்டவலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நிலவியல் வரைபடம், செயற்கைக்கோள் படம், போர் போடும்போது எந்த ஆழத்தில் என்ன வந்தது என்று எழுதிய துளைப் பதிவுகள் ஆகியவற்றின் மேல் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எல்லைக்கோடுகளை வரைகிறோம். மண்டலம் ஒரு பலகோணம். அதற்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு. மென்பொருள் அந்தப் பலகோணத்தை எடுத்துக் கட்டவலையின் மேல் பதித்துச் செல்களுக்கு எண் கொடுக்கும். ஜிஎம்எஸ் என்ற மென்பொருள் இந்த முறையைப் பரவலாக்கியது. விஷுவல் மாட்ஃப்ளோவின் ஃப்ளெக்ஸ் பதிப்பும் இதற்கு வந்துவிட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மாடல்மியூஸ் இதையே இலவசமாகச் செய்கிறது. பணம் இல்லாத கல்லூரிகள் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

கட்டவலையை எத்தனை முறை மாற்றினாலும் பலகோணம் மாறாது. மறுபடி பதித்தால் எல்லை புதிய செல்களுக்கேற்பக் கூர்மையாகும். 2017-இல் வந்த மாட்ஃப்ளோ 6, வரிசை, நெடுவரிசை இல்லாத, ஒழுங்கற்ற வடிவச் செல்களையும் ஏற்கும். அத்தகைய வலையில் வரிசை எண்ணைச் சொல்லி மண்டலம் பிரிக்கவே முடியாது. பலகோணம்தான் இயல்பான வழி. மாட்ஃப்ளோ-2000-இன் மண்டலக் கோப்பு ஏற்பாட்டையும் மாட்ஃப்ளோ 6 கைவிட்டுவிட்டது. பழைய மாதிரியைப் புதியதற்கு மாற்றுகிறவர்கள் இதில் தடுக்கி விழுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆனால் பலகோணமும் கடைசியில் செல்லாகத்தான் மாறுகிறது. மேலே சொன்ன மூலைத் தொடர்புச் சிக்கல் இங்கேயும் வரலாம். அதனால், பதித்த பிறகு வாய்க்கால் நெடுக ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, செல்லின் மையம் பலகோணத்துக்குள் விழுந்தால் அந்தச் செல் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே என்பது பல மென்பொருள்களில் இயல்பாக இருக்கும் விதி. ஐந்து ஏக்கர் கழிவுக் குவியலை இந்த விதியில் விட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,200 சதுர மீட்டர். சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு 142 மீட்டர். செல் 100 மீட்டர் என்றால் ஒரு செல்லின் பரப்பு 10,000 சதுர மீட்டர். குவியல் கட்டவலையில் எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்து, ஒரு செல்லின் மையம் உள்ளே விழலாம், இரண்டு விழலாம், நான்கும் விழலாம். குவியல் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். நிலத்துக்குள் இறங்கும் குரோமியத்தின் அளவு மட்டும் பாதியாகிறது அல்லது இரட்டிப்பாகிறது. கட்டவலையைச் சற்று நகர்த்தினாலே இது நடந்துவிடும். மாசு புறப்படும் இடமான மூல மண்டலத்தைப் பதித்ததும் முதல் வேலையாக, செல்களின் மொத்தப் பரப்பைக் குவியலின் உண்மைப் பரப்போடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் செல்லை நுணுக்குங்கள். முடியாவிட்டால் செறிவை அந்த விகிதத்தில் திருத்துங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் அச்சேறிய அறிக்கைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பலகோணங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்தால் எது வெல்லும் என்ற வரிசையையும், இரண்டு பலகோணங்களுக்கு நடுவில் விடுபட்ட மெல்லிய இடைவெளிகளையும் கவனிக்க வேண்டும். இவை எரிச்சலூட்டும் சில்லறை வேலைகள்; அதற்கு மேல் ஒன்றுமில்லை.

காலிபரேஷனும் அதன் ஆசையும்

முதல் இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு படுகுழி இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன்.

தோல் பதனிடும் ஊர் ஒன்றுக்கு மாதிரி கட்டிக்கொண்டிருந்தோம். கண்காணிப்புக் கிணறுகள் 14. நிலவியலைப் பார்த்து ஐந்து மண்டலங்களோடு தொடங்கினோம். சில கிணறுகளில் மாதிரியின் நீர்மட்டம் அளந்த மட்டத்தோடு ஒத்துவரவில்லை. ஒத்துவராத கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதைப் புது மண்டலமாக்கி, அதன் கடத்துதிறனை ஏற்றி இறக்கிப் பொருத்தினோம். மறுநாள் இன்னொரு கிணறு, இன்னொரு வட்டம். மாத முடிவில் 11 மண்டலங்கள். பிழை சதவீதம் அழகாகக் குறைந்தது. கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டியபோது பாராட்டும் கிடைத்தது.

அதில் ஏழாம் மண்டலம் ஒரு கிணற்றைச் சுற்றிய வட்டம். சுற்றிலும் நாளுக்கு 2 மீட்டர் கடத்தும் மொரம்பு. வட்டத்துக்குள் மட்டும் 25. மாசு அந்த வட்டத்தை நோக்கி விரைந்து வளைந்து போவதாக மாதிரி காட்டியது. அங்கே ஏதோ வெடிப்புப் பாறை இருக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். ஓராண்டு கழித்து வேறொரு வேலையாக அந்தக் கிணற்றுக்குப் போனபோதுதான் பார்த்தேன்: கிணற்றைச் சுற்றி 1.2 மீட்டர் உயரத்தில் கைப்பிடிச் சுவர். நீர்மட்டம் அளந்தவர் நாடாவைச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து இறக்கியிருக்கிறார். நாங்களோ தரை மட்டத்திலிருந்து அளந்ததாக நினைத்துக் கழித்திருக்கிறோம். நீர்மட்டம் உண்மையில் இருந்ததைவிட 1.2 மீட்டர் தாழ்வாகப் பதிவாகியிருந்தது. அந்தத் தாழ்வை வரவழைக்கத்தான் மாதிரிக்கு நாங்கள் 25 என்ற கடத்துதிறனைக் கொடுத்திருந்தோம். பூமிக்கடியில் வெடிப்புப் பாறை எதுவும் இல்லை. ஒரு கைப்பிடிச் சுவரை நான் நிலவியலாக்கியிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கண்டிப்பு. மண்டலத்தின் எல்லை துளைப் பதிவிலிருந்தோ, தரைக்கு மேலிருந்து நிலத்தின் மின்தடையை அளக்கும் ஆய்விலிருந்தோ, வரைபடத்திலிருந்தோ வரவேண்டும். காலிபரேஷன் பிழையிலிருந்து வரக்கூடாது. பிழை பெரிதாக இருக்கும் கிணற்றுக்கு நேரில் போக வேண்டும்.

நீர்மட்டம் மட்டுமே கையில் இருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். மழையிலிருந்து இறங்கும் நீரையும் கடத்துதிறனையும் சேர்த்து இரட்டிப்பாக்கினால், நிலையான ஓட்டத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எது சரி என்று நீர்மட்டம் சொல்லாது. ஓடும் நீரின் அளவு ஏதாவது ஒன்று வேண்டும். பாலாற்றிலோ ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரிகிறது. ஆற்றுக்குள் ஊறும் நீரை அளக்க வழியில்லை. விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் என்பதால் மீட்டரை வைத்து இறைத்த நீரைக் கணக்கிடவும் முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் 14 கிணறுகளை வைத்துக்கொண்டு 11 மண்டலங்களின் மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னால் அது நம்பத் தகுந்ததல்ல.

மூன்றாம் வழி: பைலட் புள்ளிகள்

ஒரு மண்டலத்துக்குள் எல்லா இடமும் ஒரே கடத்துதிறன் என்பது, எவ்வளவு நேர்மையாகக் கோடு போட்டாலும், பொய்தான். நீரின் மொத்த அளவைக் கேட்கும்போது அந்தப் பொய் பெரிதாகக் கெடுக்காது. சராசரி வேலை செய்துவிடும். மாசைப் பற்றிக் கேட்கும்போது கெடுத்துவிடும்.

இதை உலகுக்குக் காட்டிய இடம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கொலம்பஸ் விமானப் படைத் தளத்தில் இருக்கிறது. ‘மேட்’ ஆய்வுத்தளம் என்று துறையில் சொல்வார்கள். 1986-இல் அங்கே நிலத்தடி நீரில் புரோமைடு கரைசலைச் செலுத்தி, அது எப்படிப் பரவுகிறது என்று நூற்றுக்கணக்கான இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பகுதி செலுத்திய இடத்துக்கு அருகிலேயே தேங்கி நின்றது. ஒரு சிறு பகுதி மட்டும் வெகுதூரம் ஓடிவிட்டது. பாடநூல் சொல்லும் மணி வடிவம் எங்கும் வரவில்லை. கனடாவின் போர்டன் தளத்தில் 1982-இல் நடந்த இதேபோன்ற சோதனையில் பரவல் பாடநூலை ஒட்டியே நடந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் மண்ணின் சீரின்மை. கடத்துதிறனின் மடக்கை மதிப்பில் போர்டனின் மாறுபாடு 0.29, மேட் தளத்தில் 4.5 அளவுக்கு. மேட் தளம் முழுவதையும் ஒரே மண்டலமாக்கினால் நீர்மட்டம் ஓரளவு பொருந்தலாம். வெகுதூரம் ஓடிய அந்தச் சிறு பகுதி மட்டும் மாதிரியில் வராது. கிணற்றுக்கு முதலில் வந்து சேரப்போவதோ அந்தச் சிறு பகுதிதான்.

பைலட் புள்ளி முறை இதற்குப் பாதி மருந்து. மண்டலத்துக்குள் பல இடங்களில் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடத்துதிறனைக் காலிபரேஷன் தேடும். இடைப்பட்ட செல்களுக்கு இடைச்செருகல் வழியாக மதிப்பு போகும். ஜான் டோஹெர்ட்டியின் ‘பெஸ்ட்’ மென்பொருள்தான் இதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. புள்ளிகளின் எண்ணிக்கை அளவீடுகளைவிட அதிகமாக இருக்கும் என்பதால், ஆதாரம் இல்லாத இடத்தில் மதிப்பு நிலவியல் சொல்வதை விட்டு விலகாதபடி அது ஒரு கடிவாளம் போடுகிறது. அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தினால் கைப்பிடிச் சுவர்க் கதை மறுபடியும் நடக்கும், இந்த முறை தானியங்கியாக.

செலவு உண்டு. வழக்கமான முறையில் ஒவ்வொரு சுற்றுக்கும், தேடும் ஒவ்வோர் எண்ணுக்கும் மாதிரியின் ஓர் ஓட்டமும், அடிப்படையாக இன்னோர் ஓட்டமும் தேவை. எட்டு மண்டலங்களுக்கு ஒன்பது ஓட்டம். 60 புள்ளிகளுக்கு 61. மாதிரி ஒரு முறை ஓடப் பத்து நிமிடம் என்றால் முன்னதற்கு ஒன்றரை மணி நேரம், பின்னதற்குப் பத்து மணி நேரம். பல கணினிகளில் பகிர்ந்தால் குறையும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, பைலட் புள்ளி வந்ததும் மண்டலத்தைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதுதான். எல்லை இல்லாமல் புள்ளிகளை மட்டும் தூவினால், ஆற்று மணலின் 60 மெல்ல மெல்லச் சரிந்து மொரம்பின் 2-இல் போய்க் கலக்கும். நிலத்தில் அப்படிச் சரிவு எதுவும் இல்லை. மணல் முடிந்த இடத்தில் பாறை தொடங்குகிறது. மண்டலத்தைச் சுவராக வைத்து, அந்தந்த மண்டலத்துப் புள்ளிகள் அந்தந்த மண்டலத்துக்குள்ளேயே பேசும்படி செய்ய வேண்டும்.

துளைப் பதிவுகளின் புள்ளியியலை வைத்து நூற்றுக்கணக்கான சாத்திய நிலங்களைக் கணினியே உருவாக்கும் முறைகளும் உண்டு. நெருக்கமான துளைப் பதிவுகள் வேண்டும். நம் ஊர்ப் பாறை நிலத்தில் அவ்வளவு பதிவு பெரும்பாலும் கிடைக்காது என்பதால் அதற்குள் போகவில்லை.

ஒரே வரைபடம் போதாது

எந்த வழியில் போனாலும், கடத்துதிறனுக்கு வரைந்த மண்டலத்தையே எல்லாவற்றுக்கும் நகலெடுத்து ஒட்டுவது மிகப் பரவலான தவறு. மென்பொருள் அதைத்தான் முதலில் கொடுக்கும், மறுத்துவிடுங்கள். மழைநீர் இறங்கும் மண்டலம் நிலப் பயன்பாட்டைப் பொறுத்தது: ஏரி, வயல், கட்டடம், மானாவாரி. மூல மண்டலம் குவியலின் எல்லை. ஸோன்பட்ஜெட் என்ற கணக்குக் கருவிக்கு வேண்டியதோ நிர்வாக எல்லை: இந்த ஊராட்சிக்குள் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று பார்ப்பதற்கு. அதில் பூஜ்யம் என்று எண் போட்ட செல்களுக்குத் தனிக் கணக்கு வராது. கடத்துதிறன் எண்களை அங்கே ஒட்டினால் மொரம்பின் கணக்கு வரும். ஊராட்சித் தலைவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் நுண்துளைமை மண்டலம். நுண்துளைமை என்பது மண்ணிலோ பாறையிலோ நீர் ஓடக்கூடிய இடைவெளியின் பங்கு. நீர் எவ்வளவு போகிறது என்பதில் அது வராது. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில் வருகிறது. தொடக்கத்தில் சொன்ன இரண்டு கிலோமீட்டரையே கணக்கிடுவோம். கடத்துதிறன் நாளுக்கு 2 மீட்டர், நீர்மட்டச் சரிவு கிலோமீட்டருக்கு 5 மீட்டர். பயனுறு நுண்துளைமை 0.2 என்றால் நீர் நாளுக்கு 5 சென்டிமீட்டர் நகரும். கிணற்றை அடைய 110 ஆண்டு. அதே இடம் வெடிப்புப் பாறை, நுண்துளைமை 0.02 என்றால் நாளுக்கு 50 சென்டிமீட்டர், 11 ஆண்டு. நீர்மட்டம் இரண்டிலும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. எத்தனை மாதம் காலிபரேஷன் செய்தாலும் இந்த எண்ணை நீர்மட்டத்திலிருந்து பிடிக்க முடியாது. நீரில் கலந்த ஒரு பொருள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் தடங்காட்டிச் சோதனை வேண்டும்; அல்லது மாசு ஏற்கெனவே எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்ற அளவீடு வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், ஒரே எண்ணைப் போட்டு ஒரே விடையைச் சொல்லாமல், 11-இலிருந்து 110 வரை என்று இரண்டு முனைகளையும் ஊர் மக்களிடம் சொல்லும் துணிவு வேண்டும். மொரம்பும் வெடிப்புப் பாறையும் கடத்துதிறனில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், நுண்துளைமைக்கு இரண்டையும் தனித்தனி மண்டலமாக்க நான் சொல்வது இதனால்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் தேர்வு கேள்வியைப் பொறுத்தது. ஓர் ஆற்றுப்படுகையில் எவ்வளவு நீர் எடுக்கலாம், தடுப்பணை கட்டினால் நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்பது கேள்வியானால், பலகோண மண்டலம் போதும். நான்கு, ஐந்து மண்டலத்துக்கு மேல் போகாதீர்கள். சுவர்களைத் தடையாக வையுங்கள். பைலட் புள்ளிக்குச் செலவிடும் நேரத்தில் நான்கு கிணறுகளில் பம்பிங் சோதனை செய்யலாம்.

மாசு எப்போது, எங்கே வரும் என்பது கேள்வியானால், பலகோணங்களைச் சுவராக வைத்து உள்ளே பைலட் புள்ளிகள். கூடவே நுண்துளைமைக்கும் மூலத்துக்கும் தனி மண்டலங்கள். காலமும் பணமும் குறைவு என்றால் பைலட் புள்ளியை விட்டுவிடுங்கள், நுண்துளைமையை விடாதீர்கள். இதில் சிலர் என்னோடு மாறுபடுவார்கள். கடத்துதிறனின் சீரின்மையே முதன்மை என்பது அவர்கள் வாதம். மேட் தளத்தைப் போன்ற வண்டல் நிலத்தில் அவர்கள் சொல்வது சரி. நம் பாறை நிலத்தில், நுண்துளைமையில் பத்து மடங்கு பிழை வருவது சாதாரணம் என்பதால் என் கட்சியில் நிற்கிறேன்.

செல்லுக்குச் செல் எண் போடும் வழியை உண்மையான நிலத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஃப்ளோபையில் வேலை செய்கிறவர்கள்கூட எண் அட்டவணையைக் கையால் எழுதாமல், பலகோணக் கோப்பிலிருந்து நிரலே அதை உருவாக்கும்படி வைத்துக்கொள்ளலாம். கட்டவலை மாறும் நாளில் அதன் அருமை தெரியும்.

எந்த வழியானாலும் மண்டலக் கோப்போடு ஓர் அட்டவணை சேர்க்கச் சொல்வேன். மண்டல எண், பெயர், மதிப்பு, அடுத்து ‘எல்லைக்குச் சாட்சி’ என்று ஒரு பத்தி. அதில் துளைப் பதிவின் எண்ணோ, மின்தடை ஆய்வு நடந்த இடமோ, வரைபடத் தாளோ இருக்க வேண்டும். எழுத ஒன்றும் இல்லாத மண்டலத்தை, பிழை எவ்வளவு ஏறினாலும், பக்கத்து மண்டலத்தோடு சேர்த்துவிடுகிறோம். இப்போது எங்கள் களப் பணியாளர்கள் நீர்மட்டம் அளக்கும் ஒவ்வொரு கிணற்றிலும் நாடா எந்த விளிம்பைத் தொடுகிறது என்று தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புகிறார்கள். கைப்பிடிச் சுவரின் உயரம் பதிவேட்டில் தனிப் பத்தியாக இருக்கிறது.